செம்பாயி காதில் போட்டது

கருங்கோட்டைக்காரர்கள் தங்கமுத்துவோடு பேச்சை நிறுத்தி மூன்று நாள் ஆன பிறகுதான் இந்துமதி என்னிடம் வாயைத் திறந்தாள். மூன்று நாள்! என் வீட்டுக் கதவுக்கு நேரெதிர்க் கதவு அவளுடையது. கோயமுத்தூர் கணபதியில் இந்தக் குடியிருப்பைக் கட்டி முடித்த காலத்திலிருந்து, எங்கள் மூன்றாம் மாடியில் எனக்குத் தெரியாமல் ஒரு பால் பாக்கெட்கூட உள்ளே போனதில்லை. அப்படிப்பட்ட எனக்கு, இருநூற்றுப் பதினான்கு பேர் சேர்ந்து ஒரு மனிதனை ஒதுக்கிவைத்த சங்கதி நாலாம் நாள்தான் தெரிந்தது என்றால் எவ்வளவு வருத்தமாக இருந்திருக்கும்? அந்த வருத்தம் எனக்கு ஒரு மணி நேரம்தான் நீடித்தது. பிறகு வேறு வருத்தம் வந்துவிட்டது.

கருங்கோட்டை எந்த ஜில்லா என்று தேடாதீர்கள். அது கம்ப்யூட்டர் ஆட்டத்தில் இருக்கிற ஊர்.

இந்துமதியின் புருஷன் தங்கமுத்து பம்புசெட் கம்பெனி ஃபவுண்டரியில் சூப்பர்வைசர். நாற்பத்தாறு வயது. அதட்டல் சத்தம் கேட்டால் இரும்பே தானாக உருகும் என்பார்கள். மாசி மாதம் ஒரு மத்தியானம் மூளையில் ரத்தக்குழாய் அடைத்து, வலது கையும் பேச்சும் போய்விட்டன. நாம் சொல்வதெல்லாம் அவருக்குப் புரியும். அவருக்கு உள்ளே இருப்பது வெளியே வராது. 'ஆமாம்', 'இல்லை'கூட இடம் மாறி விழும். முதல் ஆறு மாதத்துக்குள் வருகிற பேச்சுதான் பேச்சு, அதற்குமேல் கஷ்டம் என்று டாக்டர் சொல்லிவிட்டார். சலிக்காமல் காது கொடுக்கிற ஆள் பக்கத்தில் வேண்டும் என்றும் சொன்னார்.

சலிக்காத ஆளுக்கு எங்கே போவது? நாங்களெல்லாம் போனோம்தான். அவர் "த…" என்பார். நான் "தண்ணியாண்ணா?" என்று டம்ளரை நீட்டுவேன். அவர் தலையணை கேட்டிருப்பார். நல்லெண்ணத்தில் ஆளுக்கு ஒரு வாக்கியத்தை முடித்துக் கொடுத்து, ஒரு மாதத்தில் அந்த மனிதரின் வாயை மொத்தமாக மூடிவிட்டோம்.

அப்போது கீழ்வீட்டு நஸ்ரீன்தான் வழி சொன்னாள். உக்கடத்தில் ஆட்டக் கம்ப்யூட்டர்கள் பழுது பார்க்கும் கடை வைத்திருப்பவள். முப்பது வயது, அளந்து பேசுவாள், அதனாலேயே எனக்கு அவளிடம் கொஞ்சம் பயம். பங்குனிக் கடைசியில் அந்த ஆட்டத்தைக் கொண்டுவந்து பொருத்தினாள்.

ஆட்டத்தில் நீங்கள் ஒரு வீரன். வாள் உண்டு, குதிரை உண்டு. மலைக்கு அந்தப் பக்கம் ஒரு யாளி ஊரை அழிக்கக் காத்திருக்கிறது. கொன்றால் ராஜா பாதி ராஜ்ஜியம் தருவார். தங்கமுத்து அந்தப் பக்கமே போகவில்லை. நாலு மாதமாகத் தினமும் கடைக்குப் போய் உப்பு வாங்கினார். யாளி பாவம், காத்திருந்தே இளைத்துப்போயிருக்கும்.

ஆனால் அந்த ஊர் ஆட்கள் சாமானியப்பட்டவர்கள் இல்லை. ஒவ்வொருவருக்கும் ஞாபகம் உண்டு. நீங்கள் பேசுகிற மாதிரியே பேசக் கற்றுக்கொள்வார்கள். ஒரே வாரத்தில் கருங்கோட்டை முழுக்கக் கோயமுத்தூர்த் தமிழ். தங்கமுத்து "உ…" என்று நின்றால் உப்புக்கடை வீரணனும் நிற்பான். ஒரு நிமிஷம், இரண்டு நிமிஷம். "மெதுவாச் சொல்லுங்ணா, கடை எங்கீம் போயிராதுங்" என்பான். அவருடைய அரை வார்த்தை, கால் வார்த்தை எல்லாவற்றுக்கும் அந்த ஊரில் அர்த்தம் தெரிந்துவிட்டது. ஆனி மாதம் வந்தபோது நாற்பது வார்த்தை சேர்ந்திருந்தது. ஒருநாள் காலையில் அவர் சமையலறையைப் பார்த்து "இந்து" என்று கூப்பிட்டிருக்கிறார். அவள் மாடி முழுக்க ஜிலேபி கொடுத்தாள்.

அந்த ஊர்தான் ஆடி மாதத்தில் கதவைச் சாத்திக்கொண்டது.

வெள்ளிக்கிழமை காலையில் நஸ்ரீன் பையோடு வந்து உட்கார்ந்தாள். நானும் காப்பி டம்ளரோடு போய் உட்கார்ந்தேன். கூப்பிட்டார்களா என்று கேட்காதீர்கள். தங்கமுத்து தன் நாற்காலியில் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"எப்ப இருந்துக்கா?" என்றாள் நஸ்ரீன்.

"செவ்வாய்க்கிழமை சாயங்காலம்," என்றாள் இந்துமதி. "வீரணன் கடையச் சாத்திட்டான். நா அவனுக்கு லீவாட்ட இருக்குதுன்னு நெனச்சேன். மறுநா கோட்டைக் காவக்காரன் இவரப் பாத்து மூஞ்சியத் திருப்பறான். நேத்து ஊர்ல ஒருத்தர் பேசுல."

"கரண்டு ஏறி எறங்கியிருக்கும்," என்றார் குடியிருப்புச் சங்கச் செயலாளர் வரதராசன், வாசலில் நின்றபடியே. அவருக்கு லிஃப்ட் நின்றாலும் கரண்டு, மருமகள் கோபித்துக்கொண்டு போனாலும் கரண்டு.

"வைரஸ் கண்ணு," என்றேன் நான். சத்தியமாக அப்போது எனக்கு ஒன்றும் தெரியாது.

நஸ்ரீன் கம்ப்யூட்டரை அணைத்துப் போட்டுப் பார்த்தாள். ஆட்டத்தின் ஃபைல்களை எல்லாம் கம்பெனிப் பட்டியலோடு ஒத்துப் பார்த்தாள். ஒன்றுகூடக் குறையவில்லை. தமிழ்ப் பேச்சுக்கென்று தனியாகச் சேர்த்திருந்ததை எடுத்துவிட்டுத் திரும்பப் போட்டாள். கடைசியில், அவர் ஆடியதெல்லாம் சேமித்து வைத்திருக்கிற ஃபைலைத் திறந்து மேலிருந்து கீழ்வரை படித்தாள். முக்கால் மணி நேரம்.

"கெட்டுப்போச்சா?" என்றாள் இந்துமதி.

"இல்லக்கா, நல்லாத்தான் இருக்குது. ஃபைல் கெட்டுப்போயிருந்தா ஆளுங்க பாதி செவுத்துக்குள்ள நிப்பாங்க, இல்லாட்டித் தலையில்லாம நடப்பாங்க. இவங்க நல்லா நடக்கறாங்க, சமைக்கறாங்க, சிரிக்கறாங்க. அண்ணன் வந்தா மட்டும் நிறுத்தறாங்க." அவள் நகத்தைக் கடித்தாள். "இது பழுது மாதிரி இல்ல. ஊருக்கே இவர் மேல கோவம் மாதிரி இருக்குது."

"இவரு என்ன பண்ணுனாரு? உப்புத்தானே வாங்குனாரு?"

"அதான் பாக்கலாம்." தங்கமுத்துவின் வீரனை நகர்த்தி, கிணற்றடிச் சுவருக்குப் பின்னால் யார் கண்ணிலும் படாமல் நிறுத்தினாள். "இப்ப பேசுவாங்க, கேளுங்க."

கிணற்றடியில் செம்பாயி என்று ஒருத்தி. தண்ணீர் சேந்துவதுதான் அவள் வேலை என்று ஆட்டக் கம்பெனி நினைத்துக்கொண்டிருக்கிறது. பக்கத்தில் பானைக்காரி. செம்பாயி குடத்தை இடுப்பில் ஏற்றிக்கொண்டு குரலைத் தாழ்த்தினாள்.

"அந்த முத்தண்ணனுக்கு வாயடச்சது வேலை செய்யற எடத்துலயாமா? யாரு சொன்னா? சிங்காநல்லூர்ல ஒருத்தி வூட்டுலயாமா. மரகதம்னு பேராமா. ரெண்டு புள்ளைகளாம். பொண்டாட்டிக்காரி தலைல நல்லா மொளகா அரச்சிருக்காரு. எனக்கெதுக்கு அந்தப் பேச்சு, நா ஒண்ணும் சொல்லுல."

நான் காப்பி டம்ளரைக் கீழே வைத்துவிட்டேன்.

'எனக்கெதுக்கு அந்தப் பேச்சு, நான் ஒன்றும் சொல்லவில்லை.' அது என் வாக்கியம். எதைச் சொன்னாலும் வாலில் அதைக் கட்டித்தான் அனுப்புவேன். மரகதமும் இரண்டு பிள்ளைகளும் என்னுடையவை அல்ல, வழியில் யாரோ சேர்த்திருக்கிறார்கள். மற்றதெல்லாம் என் சரக்கு.

நடந்ததைச் சொல்லிவிடுகிறேன். இந்துமதி மோட்டாருக்குக் காயில் சுற்றுகிற கம்பெனிக்கு அரைநாள் வேலைக்குப் போவாள். அந்த நேரம் தங்கமுத்துவுக்குத் துணை நான்தான். கேட்டு வாங்கிய துணை. அந்தப் புதனும் வியாழனும் மட்டும் அவளே வீட்டில் இருந்துவிட்டாள். செவ்வாய்க்கிழமை பத்தரை மணிக்கு பிசியோதெரபிக்காரர் வந்து அவரை மொட்டைமாடிக்கு நடத்திக்கொண்டு போனார். ஆட்டம் ஓடியபடியே இருந்தது. நான் முறுக்கைத் தின்றுகொண்டு சும்மா பார்த்துக்கொண்டிருந்தேன். திரையில் செம்பாயி என்னைத் திரும்பிப் பார்த்து, "ஏனுங்ணா, இன்னைக்குப் பேசவே மாட்டேங்கறீங்? வூட்டுப் பக்கம் ஏதாச்சும் சேதியுங்களா?" என்றாள்.

ஐம்பத்திரண்டு வயதில், ஏதாவது சேதி உண்டா என்று தானாக வந்து என்னை ஒருத்தி கேட்டது அதுதான் முதல் தடவை. இந்தக் குடியிருப்பில் என் தலை தெரிந்தாலே அடுப்பில் பால் வைத்த ஞாபகம் வந்துவிடும் எல்லோருக்கும். இவள் குடத்தைக் கீழே வைத்துவிட்டு நின்றாள். மைக் என் முகத்துக்கு நேராக இருந்தது.

சொன்னேன். தங்கமுத்துவுக்கு முடியாமல் போன அன்று நான் பால்கனியில் நின்றிருந்தேன். ஃபவுண்டரி இருப்பது மேற்கே. ஆம்புலன்ஸ் அவரை ஏற்றிக்கொண்டு எங்கள் தெருவைக் கடந்தது கிழக்கிலிருந்து. கிழக்கே என்ன இருக்கிறது? சிங்காநல்லூர் இருக்கிறது. சிங்காநல்லூரில் என்ன இருக்கும்? அதைத்தான் சொன்னேன். மேம்பால வேலைக்காக அந்த மாதம் பூராவும் வண்டிகளைச் சுற்றி விட்டிருந்தார்கள் என்பது எனக்குத் தெரியாதா? தெரியும். நானே இரண்டு தடவை அந்தச் சுற்றில் மாட்டியிருக்கிறேன். தெரிந்ததை ஓரமாக வைத்துவிட்டுச் சொன்னேன். "அப்புறமுங்?" என்று அவள் கேட்டபோது அப்புறமும் சொன்னேன். பொம்மைதானே, பொம்மையிடம் சொல்லி என்ன ஆகப்போகிறது என்று நினைத்தேன். என்னிடம் அவ்வளவு ஆசையாகக் கதை கேட்ட ஆள் வேறு யாருமில்லை.

அந்த ஊரில் வம்பு பரவும் என்று எனக்கு யாரும் சொல்லவில்லை. யாராவது சொல்லியிருந்தால் இன்னும் நன்றாகச் சொல்லியிருப்பேனோ என்னவோ.

"யார் மொதல்ல சொன்னதுன்னு பாத்தறலாம்," என்றாள் நஸ்ரீன். "ஒவ்வொரு பேச்சுக்கும் யார் சொன்னது, யார் கேட்டதுன்னு குறிச்சிருக்கும்."

பட்டியல் கீழிருந்து மேலே ஓடியது. காவல்காரனுக்குச் சொன்னது வீரணன். வீரணனுக்குப் பானைக்காரி. பானைக்காரிக்குச் செம்பாயி. செம்பாயிக்கு…

நஸ்ரீன் திரையைக் கொஞ்சம் தன் பக்கம் திருப்பிக்கொண்டாள். இந்துமதி அதைப் பிடித்துத் திரும்பத் திருப்பினாள்.

'சொன்னவர்: தங்கமுத்து. கேட்டவர்: செம்பாயி. செவ்வாய், காலை 10.42.'

எனக்கு ஒரு நிமிஷம் விளங்கவில்லை. பிறகு விளங்கியது. ஆட்டம் அவர் கணக்கில் ஓடியது. அதில் எந்த வாய் பேசினாலும் அது தங்கமுத்துவின் வாய்.

"அவரே சொன்னாரா?" என்றாள் இந்துமதி. "இவ்வளவு நீளமா அவருக்கு வராதே நஸ்ரீன்?"

"அர வார்த்தையாச் சொன்னாலும் அது சேத்துப் புரிஞ்சுக்குங்க்கா. அதுக்குத்தானே இதப் போட்டோம்." நஸ்ரீன் தரையைப் பார்த்தாள். "குரல் இருந்தா போட்டுக் கேட்டிருக்கலாம். சாரம் மட்டுந்தான் இருக்குது."

குரலைச் சேமிக்க வேண்டாம், வெளியே எங்கும் நகல் வைக்க வேண்டாம் என்று சொன்னது இந்துமதிதான். புருஷன் திக்குவதை எங்கோ ஒரு கம்பெனியில் யாரோ கேட்டுச் சிரிக்கக் கூடாது என்று அவளுக்கு.

அவள் நாற்காலிக்கு முன்னால் போய்க் குந்தினாள். "ஏனுங்க, யாருங்க மரகதம்?"

தங்கமுத்துவின் கண் அகன்றது. தலையை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஆட்டினார். பதற்றத்தில் மேலும் கீழும் ஆட்டினார். "இ… இ…" என்று வாய் கோணியது. எச்சில் வழிந்தது.

இந்துமதி துடைத்துவிடவில்லை. எழுந்து என்னைப் பார்த்தாள்.

"செவ்வாய்க்கெழம பத்தே முக்காலுக்கு நீங்கதானேக்கா இங்க இருந்தீங்க? அவரு சொன்னது உங்க காதுல விழுந்துச்சா?"

இரண்டு வார்த்தைதான். 'நான்தான் சொன்னேன்.' நாற்பது வார்த்தை வைத்திருந்தவருக்கு 'இல்லை' வரவில்லை. நாற்பதாயிரம் வைத்திருக்கிற எனக்கும் அந்த இரண்டு வரவில்லை.

"குக்கர் சத்தத்துல… எனக்கு ஒண்ணும்… என்னத்தக் கண்ணு சொல்றது…"

இந்துமதி, "நீங்களே மறைக்கறீங்கன்னா அப்ப நெசந்தான்" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள்.

பாருங்கள், எதையும் மறைக்கத் தெரியாதவள் என்று நான் சேர்த்து வைத்திருந்த நல்ல பெயர் அன்றைக்குத்தான் உபயோகப்பட்டது.

அடுத்த எட்டு நாளும் நான் வாசல் கதவைத் திறந்து வைக்கவில்லை. வரதராசன், "உடம்பு சரியில்லீங்களா?" என்று கேட்டுவிட்டுப் போனார். கதவைச் சாத்தினால் மட்டும் கேட்காமல் போகுமா? இந்துமதி வேலைக்கு லீவு போட்டுவிட்டு சிங்காநல்லூரில் மரகதத்தைத் தேடினாள். வீட்டில் அவருக்குச் சோறு வைத்தாள், மாத்திரை கொடுத்தாள். பக்கத்தில் உட்காரவில்லை. அவர் தானாகவே ஆட்டத்துக்கு முன்னால் உட்கார்ந்து சாத்திய கடைக்கு முன் நின்று "உ… உ…" என்பார். பதில் இல்லை. திங்கட்கிழமை வரை 'உப்பு' என்று முழுதாகவே வந்தது. புதன்கிழமை 'உ' மட்டும். வெள்ளிக்கிழமை அதுவும் இல்லை. எதிர் வீட்டில் ஒரு சத்தம் வந்தால் நான் காதைத் தீட்டுவேன் என்று உங்களுக்குத் தெரியும். அங்கே சத்தம் ஒவ்வொன்றாக நின்றுகொண்டே வந்ததையும் நான்தான் கேட்டேன்.

ஒன்பதாம் நாள் காலையில் அவள் வாசலில் இரண்டு பெட்டி. ஒன்று அவளுடையது, பெருந்துறையில் அவள் அண்ணன் வீட்டுக்கு. இன்னொன்று அவருடையது. அவிநாசிப் பக்கம் ஏதோ பராமரிப்பு இல்லமாம், படுத்த படுக்கையாக இருக்கிறவர்களைப் பார்த்துக்கொள்கிற இடம். வண்டி பதினோரு மணிக்கு.

நான் போய்ப் பெட்டிகளுக்கு நடுவில் நின்றேன்.

"இந்து, செம்பாயிகிட்டச் சொன்னது அவரில்ல. நாந்தான். அவரு அப்ப மொட்டமாடில நடந்துட்டிருந்தாரு. வேணும்னா பிசியோதெரபிக்காரர்கிட்டக் கேளு."

அவள் பெட்டியின் பட்டையை இழுத்துக் கட்டிக்கொண்டிருந்தாள். கை நின்றது.

"என்னக்கா சொல்றீங்க?"

சொன்னேன். ஆம்புலன்ஸ், கிழக்கு, மேம்பாலம் எல்லாம். வாலில் எதையும் கட்டவில்லை.

"சிங்காநல்லூர்ல நாலு நாள் அலைஞ்சேன்," என்றாள். குரல் ஏறவே இல்லை. "மரகதம்னு ஒரு டைலர் இருந்தா. அவ வூட்டு வாசல்ல போயி நின்னுட்டு என்ன கேக்கறதுன்னு தெரியாம ஒரு ஜாக்கெட் தெக்கக் குடுத்துட்டு வந்தேன். அந்தப் பேரு நீங்க வெச்சதா?"

"இல்ல கண்ணு, பேரு அவங்க வெச்சது. புள்ளைகளும்."

சிரிக்கப்போகிறாளோ என்று நினைத்தேன். அறைந்தாள். நல்ல அறை. சத்தம் கேட்டு வரதராசன் கதவைத் திறந்து, என்ன என்று கேட்டார்.

"ஒண்ணுமில்லீங்," என்றாள் இந்துமதி. "கொசு."

அவள் யாரிடமும் சொல்லவில்லை. அன்றைக்கும் சொல்லவில்லை, இன்றைக்கும் சொல்லவில்லை. அறையைக்கூட மறந்துவிடுவேன், இதை எப்படித் தாங்குவது என்றுதான் தெரியவில்லை.

வண்டியைத் திருப்பி அனுப்பிவிட்டு நஸ்ரீனைக் கூப்பிட்டாள். நஸ்ரீன் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு என்னைப் பார்க்காமலே பேசினாள்.

"அழிக்கலாங்க்கா. ஆனா ஆட்டத்துல யார் சொன்னதுன்னு பாத்துத்தான் அழிக்க முடியும். தங்கமுத்து சொன்னதை அழின்னா அண்ணன் இந்த நாலு மாசமாச் சொன்னது பூராவும் போயிரும். அவர் 'உ'ன்னா உப்புன்னு அந்த ஊருக்குத் தெரியாமப் போயிரும்."

"பழைய காப்பி எதுவும் எடுத்து வெச்சிருக்குதா?"

"நா பங்குனில போட்டது ஒண்ணுதான் இருக்குது. மறுபடி மொதல்ல இருந்து."

டாக்டர் சொன்ன ஆறு மாதத்துக்கு இன்னும் மூன்று வாரம்தான் இருந்தது. இந்துமதி தலையில் கை வைத்துக்கொண்டாள்.

"ஒரே ஒரு வழி இருக்குது. ஒரு பேச்ச நாலு வாரம் யாருமே திருப்பிச் சொல்லலீன்னா ஊரு அதை மறந்துரும். அப்படித்தான் பண்ணி வெச்சிருக்காங்க. அதுக்கு மொதல்ல இவங்க நம்பறத நிறுத்தணும். பொய்யின்னு யாராச்சும் போய்ச் சொல்லணும்."

"நா சொல்றேன்," என்றேன். "என்ற சொந்தப் பேர்லயே உள்ள போறேன்."

நஸ்ரீன் விருந்தாளியாக எனக்கு ஒரு பெயர் போட்டுக் கொடுத்தாள். சுகந்தி. கருங்கோட்டைக்குள் நடந்து போய்க் கிணற்றடியில் நின்றேன். "அந்த முத்தண்ணனப் பத்திச் சொன்னது பொய்யுங்க. மேம்பாலத்துக்குச் சுத்திப் போன வண்டி அது," என்றேன்.

"அப்படீங்களா?" என்றாள் செம்பாயி. குடத்தை எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

ஒரு நாள், இரண்டு நாள். என் உண்மை கிணற்றடியை விட்டு நகரவில்லை. மரகதத்துக்கு மூன்றாவது பிள்ளை பிறந்தது.

"சப்புனு இருக்கறத யாரும் அடுத்தவங்களுக்குச் சொல்ல மாட்டாங்கக்கா," என்றாள் நஸ்ரீன். அப்போதுதான் முதல் தடவையாக என்னை நேராகப் பார்த்தாள். "ருசியா இருந்தாத்தான் நகரும். உங்களுக்குத் தெரியாததா?"

அதுதான் எனக்குத் தெரிந்த ஒரே தொழில்.

மூன்றாம் நாள் காலையில் தங்கமுத்து பக்கத்து நாற்காலியில் இருந்தார், இந்துமதி பின்னால் நின்றாள். நான் என் விருந்தாளிப் பெயரிலேயே உள்ளே போய்ச் செம்பாயியைக் கூப்பிட்டேன். வேறு யாரோ ஒருத்தியைப் பற்றிச் சொல்வதுபோலக் குரலைத் தாழ்த்தினேன். "உனக்கொரு சேதி தெரியுமா? இந்த ஊருக்குப் புதுசா சுகந்தின்னு ஒரு பொம்பள வந்திருக்கா. அவ என்ன பண்ணிருக்கா தெரியுமா?"

செம்பாயி குடத்தைக் கீழே வைத்தாள்.

வாயில்லாத மனுஷன் வீட்டில் முறுக்குத் தின்றுகொண்டே, அவர் வாயை எடுத்து அவர் மேலேயே பழி போட்டவள் என்றேன். பெண்டாட்டி கேட்டபோது குக்கர் மேல் பழி போட்டவள் என்றேன். பெட்டி கட்டுகிற வரை எட்டு நாள் கதவுக்குப் பின்னால் நின்று கேட்டுக்கொண்டே இருந்தவள் என்றேன். எங்கே நிறுத்த வேண்டுமோ அங்கே நிறுத்தினேன், "அப்புறமுங்?" என்று அவளைக் கேட்க வைத்தேன். ஒன்றும் சேர்க்கவில்லை. சேர்க்கத் தேவையிருக்கவில்லை. ஆயுளில் நான் சொன்ன கதைகளில் மிக நன்றாக வந்தது அதுதான். பின்னாலிருந்து ஒரு மூக்கு உறிஞ்சல் கேட்டது. நான் திரும்பவில்லை.

மத்தியானத்துக்குள் ஊர் முழுக்கப் போய்விட்டது. சாயங்காலம் காவல்காரன் என் காலடியில் காறித் துப்பினான். மறுநாள் பானைக்காரி என்னைக் கண்டு பானையைப் போட்டு உடைத்தாள். என் கதைக்கும் அவர்கள் கைச்சரக்கைச் சேர்த்தார்கள். நான் என் மாமியாருக்கு விஷம் வைத்தவளாம். வைக்கவில்லை, எழுதிக்கொள்ளுங்கள்.

நாலாம் நாள் வீரணன் கடையைத் திறந்தான். "முத்தண்ணா, மன்னிச்சுக்குங்ணா. அந்த சுகந்தி பேச்சக் கேட்டு மோசம் போயிட்டோம்," என்றான். தங்கமுத்து திரைப் பக்கமாகக் குனிந்தார். பிறகு "உ…" என்றார். வீரணன் காத்திருந்தான்.

தினமும் ஒரு மணி நேரம் நான் உள்ளே போய் ஊர் நடுவில் நிற்க வேண்டும். நின்றால்தான் என் கதையை அவர்கள் பேசிக்கொண்டே இருப்பார்கள், பேசினால்தான் பழையது மறக்கும். நின்றேன். இந்துமதி எனக்குக் கதவைத் திறந்துவிடுவாள், காப்பி கொடுக்க மாட்டாள். பக்கத்து நாற்காலியில் தங்கமுத்து இருப்பார். அவர் என் பக்கம் திரும்பியதே இல்லை.

ஆவணியில் நஸ்ரீன் வந்து பட்டியலை ஓட்டிப் பார்த்தாள். மரகதம் யார் தலையிலும் இல்லை, பிள்ளைகளும் இல்லை. தங்கமுத்துவுக்கு அறுபத்திரண்டு வார்த்தை சேர்ந்திருந்தது. ஆனால் எல்லாம் ஒற்றை ஒற்றையாக, தட்டுத் தடுமாறி, ஒவ்வொன்றுக்கும் அரை நிமிஷம். எங்கள் மாடிக்காரர்கள் எல்லோரும் அங்கே வந்து கூடியிருந்தார்கள். வரதராசன் ஸ்டெபிலைசர் வாங்கச் சொன்னது தான்தான் என்று எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தார்.

"அப்ப இனி சுகந்தியக்காவோடதையும் எடுத்தறலாம்," என்றாள் நஸ்ரீன். என்ன விஷயம் என்று மற்றவர்களுக்குப் புரியாதபடி மெதுவாகத்தான் சொன்னாள். "அது அக்கா பேர்ல இருக்கறதால வேற எதும் போகாது. ஒரே பட்டன். பாவம், அந்த ஊர்ல இவங்களப் பாத்தா நாய்கூடக் கொரைக்கறதில்ல." நஸ்ரீன் மைக்கைத் தங்கமுத்து பக்கம் நகர்த்தினாள். "கணக்கு உங்களோடதுண்ணா. நீங்க வாயால சொன்னாத்தான் அழிக்கும். அழிச்சறலாமா? 'சரி'ன்னா போதும்."

'சரி' அவருக்கு வைகாசியிலேயே வந்துவிட்ட வார்த்தை.

தங்கமுத்து நாற்காலியில் மெதுவாக என் பக்கம் திரும்பினார். ஆறு மாதத்தில் முதல் தடவையாக அந்த ஃபவுண்டரிக் கண் என்மேல் விழுந்தது. நான் என் சேலைத் தலைப்பைப் பார்த்துக்கொண்டேன்.

"இருக்கட்டும்," என்றார்.

திக்கவில்லை. திணறவில்லை. ஒரே மூச்சில், பழைய சூப்பர்வைசர் குரலில், முழுசாக.

இந்துமதி வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். "எவ்வளவு பெரிய வார்த்தை! கேட்டீங்களா? கேட்டீங்களா எல்லாரும்?" நஸ்ரீன் எழுந்து நின்று கைதட்டினாள். என்ன இருக்கட்டும் என்று தெரியாமலே வரதராசனும் மற்றவர்களும் தட்டினார்கள். நானும் தட்டினேன். மற்றவர்கள் நிறுத்திய பிறகும் என் கை மட்டும் கொஞ்ச நேரம் தட்டிக்கொண்டே இருந்தது.